கெண்டிச் சந்துக்குள் ஒரே ஒரு தடவை

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில், முதுகில் பை மாட்டி ஊர் சுற்ற வருகிறவர்கள் எல்லாரும் ஒரு ராத்திரியாவது தங்கிப்போகிற சூலியா தெருவிலிருந்து இடப்பக்கமாக ஒடிகிற சந்து ஒன்று உண்டு, அதற்குக் கெண்டிச் சந்து என்று பேர், அந்தச் சந்துக்குள் இப்போது யாராலும் இரண்டாவது தடவை நுழைய முடியாது, அதற்குக் காரணம் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த சங்கவி என்கிற பெண்தான், கேட்டால் அவளே சொல்வாள், அதனால் இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

சங்கவிக்குப் பதினெட்டு வயது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறவில்லை என்று வாத்தியார்கள் சொன்னார்கள். அவளைக் கேட்டால், நேரம் வேஸ்டாப் போச்சு, விட்டுட்டேன் என்பாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிச் சேர்த்த காசில் திருச்சியில் விமானம் ஏறி, மலேசியாவில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு முதுகுப்பையோடு பினாங்கில் வந்து இறங்கினாள். எதுக்குடி போன என்று அம்மா போனில் கேட்டதற்கும் அவளிடம் பதில் இருந்தது: "எதுக்கும் இல்லம்மா, போகணும்னு தோணுச்சு."

கெண்டிச் சந்தில் மே லிங் அக்காவின் விடுதியில் அவளுக்கு மாடிக்கட்டில் ஒன்று கிடைத்தது. வாடகை இல்லை, அதற்குப் பதிலாகக் காலையில் போர்வை மாற்ற வேண்டும், குளியலறை கழுவ வேண்டும். மே லிங் அக்காவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனருக்குப் பிறந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடு கட்டிப் புரண்டு வளர்ந்தவள், கோபம் வந்தால் ஹொக்கியன் சீனத்தில் ஆரம்பித்துத் தமிழில்தான் முடிப்பாள்.

அது சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். அந்த வருஷம் புத்தாண்டு, தைப்பூசம், புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சப் கோ மே என்று மூன்றும் ஒரே வரிசையில் வந்ததால் ஊரே விளக்கும் சரமுமாக இருந்தது, கட்டில் ஒன்றுகூடக் காலி இல்லை, ஆனால் மாடியில் சந்தைப் பார்த்த அறையை மட்டும் அக்கா யாருக்கும் விடவில்லை. அது அவள் மகள் ஹுய் மின்னுடைய அறை. கல்யாண விஷயத்தில் சண்டை போட்டுச் சிங்கப்பூருக்குப் போனவள், போனவள்தான், அப்பா செத்ததற்குக்கூட வரவில்லை, இந்த வருஷம் திடீரென்று போன் பண்ணி, வர்றேன்மா, என் கட்டில்ல படுத்துத் தூங்கணும் என்று சொல்லியிருந்தாள்.

"வந்துக்கிட்டே இருக்கா லா," என்றாள் அக்கா. "பஸ்ஸு ஜேம்ல மாட்டிக்கிச்சு. பாதி மலேசியா ரோட்டுலதான் நிக்குது. விடிஞ்சாத்தான் வருவா."

"சண்டை தீந்துருச்சாக்கா?"

"எங்க தீந்துச்சு? வயித்துல புள்ள. என்னைப் பாட்டியாக்கித்தான் பழி வாங்குவாளாம்."

அக்கா சிரித்தபடியே கண்ணைத் துடைத்ததை சங்கவி பார்த்தாள். அதைப் பார்த்ததுதான் வினை.

ராத்திரி சந்து முழுக்கப் பட்டாசு வெடித்தது. விடிந்தபோது ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் சிவப்புத் தாள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை வருகிறது, அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரி வருகிறாள் என்றால் முதல் வேலை வாசல்தான், மற்றதெல்லாம் பிறகு. விடுதியில் ஒரு விளக்குமாறுகூடக் கண்ணில் படவில்லை. அக்கா எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள், ஏன் பூட்டினேன் என்று சொல்லவில்லை, சந்தில் நண்டு சிண்டுக்கும் தெரிந்த விஷயத்தை யார் வாய் திறந்து சொல்வார்கள். சங்கவி எதிரே சன்னாசி அண்ணனின் ரொட்டிக் கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஈர்க்கு விளக்குமாற்றை உருவினாள். விடுதி வாசலை மட்டும் பெருக்கினால் மற்ற வாசல்கள் அசிங்கமாகத் தெரிந்தன, எனவே பக்கத்து வாசலையும் பெருக்கினாள், அதற்கடுத்ததையும் பெருக்கினாள், சிவப்புத் தாளையும் அதற்கடியில் கிடந்த புழுதியையும் அந்தப் புழுதியில் நூறு வருஷமாகப் போய் வந்தவர்களின் காலடிகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டே போய், சந்து வாயில் நின்றபடி சூலியா தெருச் சாக்கடையில் விட்டாள். பொசுக்கென்று ஒரு மழை பெய்து அத்தனையையும் கடலுக்குக் கொண்டு போனது. அவள் திரும்பி வந்து வாசலை ஒட்டி மழை படாத அஞ்சடி நடைபாதையில் ஒரு பெரிய தாமரைக் கோலம் போட்டாள். நன்றாகவே வந்திருந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். கோலத்தைப் பார்த்தாள். பிறகு சந்தைப் பார்த்தாள், அது பல் விளக்கின மாதிரி பளிச்சென்று கிடந்தது.

"தங்கச்சி, யாரு கூட்டினா?"

"நான்தான்க்கா. எப்டி இருக்கு?"

"இன்னிக்குக் கூட்டக்கூடாது லா. வந்ததெல்லாம் வெளிய போயிரும்."

"அய்யய்யோ. சொல்லியிருக்கலாம்ல?"

"இதப் போயி யாராச்சும் சொல்லுவாங்களா?"

அப்போது அக்காவின் போன் அடித்தது. ஹுய் மின். அம்மா, சந்துக்குள்ளதான் நுழைஞ்சேன், ஆனா பின்தெருவுல மீன் உருண்டைக் கடை முன்னால நிக்கிறேன், வழி தப்பிட்டேனா என்று கேட்டாள். பிறந்து வளர்ந்த சந்தில் யாராவது வழி தப்புவார்களா. திரும்பி வந்து மறுபடி நுழைந்தாள், மறுபடி பின்தெரு. சந்து வாயில் ஓடிப்போய் நின்ற சங்கவி அதைக் கண்ணால் பார்த்தாள்: வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பெண் சூட்கேஸோடு காலை எடுத்து வைக்கிறாள், அடுத்த நொடி அந்த இடத்தில் அவள் இல்லை.

மதியத்துக்குள் சந்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோயிலுக்குப் போனவர்கள் திரும்ப முடியவில்லை, பேப்பர் வாங்கப் போன தையற்காரர் திரும்ப முடியவில்லை, ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்த பிரெஞ்சுக்காரப் பெண்கள் இரண்டு பேர் சாதாரணமாக உள்ளே நடந்து வந்து கட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தைக் கடத்தவில்லை. சன்னாசி அண்ணன் மாவைத் தட்டி வீசிக்கொண்டே சொன்னார்:

"வந்து போன காலுக்குத் தடம் இருந்தாத்தானே திரும்பி வரும்? தடத்தைத்தான் கூட்டியாச்சே. புதுக் காலுக்குத் தடம் வேணாம், அது பாட்டுக்கு வரும். வந்து வெளிய போச்சுன்னா, முடிஞ்சிச்சு."

"நான்தான் கூட்டுனேன்ணே," என்றாள் சங்கவி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று அதையே சொன்னாள். "நான்தான். தெரியாமப் பண்ணிட்டேன். திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. புத்தாண்டில் திட்டினால் வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டி வரும், அதனால் பதினைந்து நாளைக்குத் திட்டு கிடையாது. எல்லாரும் அவளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவு பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை அக்கா சந்து வாயில் ஒரு மடக்கு மேசையைப் போட்டாள், பாதி மேசை உள்ளே, பாதி வெளியே. கால்தான் கணக்கு, கைக்குக் கணக்கு இல்லை என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். உள்ளே நாற்காலியில் அம்மா, வெளியே நாற்காலியில் மகள், நடுவில் முந்தின ராத்திரியிலிருந்து சூடு பண்ணிச் சூடு பண்ணி வைத்த வாத்துக்கறி. அதைப் பார்த்துவிட்டு மற்ற வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு மேசை கொண்டு வந்தார்கள், சந்து வாய் அகலத்துக்கு இடம் பற்றாமல் முறை வைத்துக்கொண்டார்கள், மேசை விளிம்பில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்தபடி சாப்பிட்டார்கள். சூலியா தெருவில் போன வெள்ளைக்காரர்கள் இது ஏதோ ஊர் வழக்கம் என்று போட்டோ எடுத்தார்கள்.

"மேல என் கட்டில் இன்னும் இருக்கா?" என்று ஹுய் மின் கேட்டாள்.

"இருக்கு. விரிப்புப் புதுசு."

"நான் அந்த அழுக்கு விரிப்புல படுக்கத்தான்மா வந்தேன்."

அக்கா வாத்துக் காலைப் பிய்த்து மகள் தட்டில் வைத்தாள்.

சங்கவியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மறுநாள் டென்மார்க்கிலிருந்து பனைமரம் மாதிரி ஒருவன் சந்து வாயில் வந்து நின்றான், சங்கவி, அவன் இதற்கு முன்னால் வந்ததில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் முதுகுப்பையை இந்தப் பக்கம் வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் பதில் இவளைச் சுமந்துகொண்டு வா என்று ஹுய் மின்னைக் காட்டினாள். அவனும் பூப்போலத் தூக்கி உப்புமூட்டையாக வைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தான். வந்து சேர்ந்தபோது முதுகில் ஆள் இல்லை. ஹுய் மின் மீன் உருண்டைக் கடை முன்னால் நின்று போன் பண்ணினாள். டென்மார்க்காரன் அழுதுவிட்டான். அவனுக்கும் ஒரு ஆரஞ்சு கொடுத்தார்கள்.

லீவு முடிந்து ஹுய் மின் சிங்கப்பூர் திரும்பினாள். சப் கோ மே அன்னிக்கு எல்லாம் சரியாயிரும், அன்னிக்குத்தான புத்தாண்டு முடியுது, என்று அக்கா அவள் கையை விடாமல் சொன்னாள். அதை அக்காவே நம்பினாளா என்பது வேறு விஷயம்.

இதற்கிடையில் சந்து பிழைக்கக் கற்றுக்கொண்டது. ஐஸ் கம்பெனி தினம் ஒரு புது ஆளை அனுப்பியது, கொஞ்ச நாளில் கம்பெனியில் புது ஆளே இல்லாமல் போனது. பிறகு சன்னாசி அண்ணன்தான் வழி சொன்னார்: முதுகுப்பையோடு எத்தனை பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு மாவு மூட்டையையும் தூக்கிக்கொண்டு வரட்டுமே. அன்றிலிருந்து சந்துக்குள் வருகிற ஒவ்வொரு பயணியும் ஒரு சிலிண்டரையோ முட்டை அட்டையையோ சுமந்துகொண்டு வந்தான். அவர்களுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். அவர்கள் எப்படியும் ஒரு தடவைதான் வரப்போகிறவர்கள், ஒரு தடவை வந்து, ஒரு ராத்திரி தூங்கி, ஒரு போட்டோ எடுத்துப் போய், வாழ்நாளில் திரும்பிப் பார்க்காதவர்கள், அவர்களுக்கென்றே செய்த மாதிரி ஆகிவிட்டது சந்து. விடுதியில் தரையில்கூடப் படுத்தார்கள். அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது பொருந்தவில்லை.

சங்கவியின் விசா முடிந்து போய்விட்டது என்று விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், டீ குடித்தார், முத்திரையை ஆபீசிலேயே மறந்துவிட்டதாகச் சொன்னார், எடுத்துவரப் போனவர் போனவர்தான்.

தைப்பூசம் வந்தது. ரதம் சூலியா தெரு வழியாகப் போகிறபோது சந்து வாயில் நின்று தேங்காய் உடைத்தார்கள், காலை மட்டும் வெளியே வைக்கவில்லை. சன்னாசி அண்ணனுக்கு மறுநாள் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற வேண்டுதல் இருந்தது. கடையைச் சாத்தினார், குளித்தார், மஞ்சள் வேட்டியோடு சந்து வாயில் நின்றார்.

"போகாதீங்கண்ணே," என்றாள் சங்கவி. "முருகன் கோச்சுக்க மாட்டாரு."

"அவரு கோச்சுக்க மாட்டாரு. எனக்குத்தான் பொறுக்காது." அவர் கல்லாச் சாவியை அவளிடம் கொடுத்தார். "மாவை நல்லா எண்ணெயில ஊறப் போடு. வீசறப்போ பயந்தா கிழிஞ்சிரும், பாத்துக்க."

பால்குடம் முடிந்து வந்தவர் சூலியா தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டார். இன்றைக்கும் அங்கேதான் ரொட்டி போடுகிறார். இந்தப் பக்கம் சங்கவி போடுகிறாள், அவர் அங்கிருந்தே கத்துவார், "அது ரொட்டியா, கைக்குட்டையா?" என்று.

சப் கோ மே அன்று சந்தில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் விளக்குமாறு எடுத்தார்கள். வெளியே போனதை உள்ளே கூட்டிக் கொண்டுவருவது என்று முடிவு. கால் சந்தின் எல்லைக் கோட்டுக்குள் இருக்க, கையை மட்டும் எட்டுகிறவரைக்கும் நீட்டி, சூலியா தெருப் புழுதியை உள்நோக்கிக் கூட்டினார்கள், கூட்டிக் கூட்டி ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டு சேர்த்தார்கள், சிகரெட் துண்டும் பாட்டில் மூடியும் செருப்பு வாரும் எவன் எவனோ மிதித்த மண்ணுமாக வீட்டுக்கு வீடு ஒரு குவியல் சேர்ந்தது. சங்கவி உள்ளங்கை கிழிகிற வரைக்கும் கூட்டினாள். கூட்டி முடித்ததும் தையற்காரர் வெளியே இருந்து காலை எடுத்து வைத்தார்.  பின்தெருவில் மீன் உருண்டைக் கடைக்காரர் சத்தம் போடுவது கேட்டது, "இங்க வந்துட்டாரு லா!"

அதற்குப் பிறகு யாரும் முயற்சி பண்ணவில்லை. பதினைந்து நாள் கழிந்துவிட்டதால் இனிமேல் திட்டலாம் என்று சங்கவி காத்திருந்தாள், ஆனால் திட்டுகிற தெம்பும் யாருக்கும் இல்லை. ஒவ்வொரு வீடாகக் கணக்குப் போட்டது, வீடா, வெளியே இருக்கிற ஆளா என்று. பெரும்பாலும் ஆள்தான் ஜெயித்தது. ஒரு பெட்டி, ஒரு சாமிப்படம், ஒரு குக்கர் என்று தூக்கிக்கொண்டு ஆளாளுக்குக் கோட்டைத் தாண்டினார்கள், தாண்டின கையோடு, சும்மா ஒரு தடவை, திரும்பி நுழைந்து பார்த்தார்கள், பின்தெருவில் போய் நின்றார்கள், பிறகு போனார்கள்.

ஹுய் மின்னுக்கு மாசம் நெருங்கியது. பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாசம் இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுச் சமைத்துக் கொடுக்க, தலைக்குத் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ள, அம்மா இல்லாமல் யார் இருப்பார்கள். அக்கா ஒரு வாரம் பையை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். பிறகு ஒரு மத்தியானம், சங்கவி ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ எப்ப ஊருக்குப் போற?"

"நான் எதுக்குக்கா போகணும்?"

"உங்க அம்மா இருக்காங்கல்ல."

"இருக்கட்டும். நீங்க போங்கக்கா. நான் இருக்கேன்."

"இது உன் வீடு இல்ல தங்கச்சி. உனக்குத் தலையெழுத்தா?"

"நானும் போய்ட்டேன்னா உங்க வீட்டைத் தொடுறதுக்கு ஒரு கைகூட உள்ள இருக்காது. வந்து போறவன்தான் இருப்பான். அவனுக்கு என்ன தெரியும், எது யாரோட கட்டில்னு?" கல்லில் ரொட்டி கருகியது. "எனக்கு நல்லவ மாதிரிப் பேச வரலக்கா. நான் பண்ணுனதுக்கு நான்தான் இருக்கணும். அவ்ளோதான்."

அக்கா அவளை முதல் தடவையாகத் திட்டினாள். ஹொக்கியனில் ஆரம்பித்து, நடுவில் மலாய்க்குப் போய், தோட்டத்துத் தமிழில் வந்து, அவள் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து, மூச்சு வாங்குகிறவரைக்கும் திட்டினாள். சங்கவி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்ததும் அக்கா புருஷனின் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள், மகளின் அறையைப் பூட்டினாள், பூட்டின சாவியை சங்கவியின் கையில் வைத்தாள், ஒரு பையோடு சந்து வாய்க்குப் போனாள். கோட்டுக்கு முன்னால் திரும்பி நின்று, வீட்டைப் பார்த்தபடியே, பின்பக்கமாக ஒரு அடி வைத்தாள். மற்றவர்களைப் போல அவள் திரும்ப நுழைந்து பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. பேர் ஜுன் வெய்.

மழைக்காலம் வந்து போனது. டிசம்பர் லீவுக்கூட்டம் வந்தது, சந்து முழுக்க முதுகுப்பைகள், ஊர் பேர் தெரியாத முகங்கள், ஒரு ராத்திரிக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாத முகங்கள். சங்கவி அவர்களுக்கு விரிப்புப் போட்டாள், ரொட்டி போட்டாள், மாடி அறையை மட்டும் தினம் திறந்து துடைத்து மறுபடி பூட்டினாள். அம்மா போன் பண்ணினால், இங்க ஆள் இல்லம்மா என்றாள். இந்த வருஷம் வருவியா, அடுத்த வருஷமாச்சும் வருவியா என்று அம்மா அழுதாள். சங்கவி பொய் சொல்லவில்லை: "வர மாட்டேன்மா."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மே லிங் அக்காவும் ஹுய் மின்னும் சந்து வாயில் வந்து நின்றார்கள். அக்கா இளைத்திருந்தாள். இடுப்பில் பிள்ளை.

"இன்னும் நடக்கல," என்றாள் அக்கா, வணக்கம்கூடச் சொல்லாமல். "கால் தரையில பட்டதே இல்ல. நான் விடல. தவழக்கூட விடல, தூக்கியே வச்சிருக்கேன்."

சங்கவிக்குப் புரிந்தது. வெளியே போன காலுக்குத்தான் வழி இல்லை. இது இன்னும் எங்கேயும் போகாத கால்.

கோட்டுக்கு மேலே கை நீட்டினாள். ஹுய் மின் பிள்ளையைக் கொடுத்தாள். பிள்ளை மறையவில்லை. சூடாக, கனமாக, பால் வாசனையோடு சங்கவியின் கையில் இருந்தது. வெளியே இரண்டு பெண்களும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

"மாடிக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள் ஹுய் மின். "என் கட்டில்ல போடு."

"கால் படாம, தங்கச்சி!" என்று அக்கா கத்தினாள். "கால் பட்டுச்சுன்னா இதோட சரி! படாம வச்சிருந்தா அடுத்த மாசமும் கொண்டாருவேன்!"

சங்கவி அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தாத்தாவின் படத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். மாடிப்படி ஏறி, அறையைத் திறந்து, கட்டில் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தாள், அவன் விட்டத்தைப் பார்த்தான், அவன் அம்மா சின்னப் பிள்ளையில் பார்த்த அதே விட்டம், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். சன்னல் கதவைத் திறந்து அவனைத் தூக்கிக் காட்டினாள். கீழே சந்து வாயில் இரண்டு பேரும் கையாட்டினார்கள்.

"அழறானா?" என்று அக்கா கீழே இருந்து கத்தினாள்.

"இல்லக்கா! நல்லா பாக்குறான்!"

"சன்னல் பக்கத்துல சுவத்துல நான் கிறுக்குனது இருக்கா?"

"இருக்கு! அதைத்தான் நக்குறான்!"

ஹுய் மின் சிரித்தாள். தெருவில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பாக இல்லை அது.

சங்கவி அவனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அடுத்த மாசமும் வருவான், அதற்கடுத்த மாசமும் வருவான், அந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டில் தூங்குவான் என்று ஒரு நிமிஷம் அவள் நினைத்தாள், நினைத்தது தப்பென்று அவளுக்கே தெரிந்தது. பையன் நெளிந்தான். இறங்கப் பார்த்தான். அவள் அவன் பாதம் இரண்டையும் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். அவன் அவள் சட்டையைப் பற்றினான், முகம் சிவக்க முக்கினான், பிறகு அந்தச் சின்னக் கால்கள் இரண்டும், யாரும் சொல்லித்தராமலே, அவள் உள்ளங்கையை மிதித்து விறைத்து எழுந்து நின்றன.